ரௌட்டரை ஆறப் போடும் நேரம்

கம்ப்ளைண்ட் டெஸ்க்கில் எனக்கு வந்த முதல் பெரிய சிக்கல் துபாயிலிருந்து வந்தது. வாட்ஸாப் கால். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா கம்பெனி நடத்துதீக? இலஞ்சியில என் வீட்டுல தெனமும் மத்தியானம் நெட்டு போகுது. கேமரா ஆஃப்லைன்னு காட்டுது. மத்த நேரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க நெட்டு சாப்ட்டுட்டுத் தூங்கப் போகுதோ?"

பயிற்சியில் சொல்லித் தந்தபடி, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றேன்.

"நான் துபாயில இருக்கேன். இங்கன இருந்து எப்படி ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுத?"

நியாயமான கேள்வி. பயிற்சியில் இதற்குப் பதில் இல்லை.

எங்களுடையது தென்காசியில் கேபிள் டிவி நடத்தி, பிறகு ஃபைபர் நெட்டுக்கு மாறிய சிறிய கம்பெனி. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று பாதி மனதோடு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டிருந்த காலம். அந்த இலஞ்சி வீட்டுக் கம்ப்ளைண்ட் நாள் தவறாமல் வந்தது.

"எம்மா, இந்த கனெக்‌ஷன் போச்சுன்னா அவரு சொந்தக்காரங்களோட பாதி இலஞ்சியும் போயிரும். பெறவு நீயும் வேற வேல பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விளையாட்டா நிஜமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்து, நிஜம்தான் என்று முடிவு செய்தேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றாலத்துப் பக்கம் குரங்கு ஃபைபரைப் பிய்த்துவிட்டால், ரௌட்டர் பெட்டியில் சிவப்பு லைட் எரியும். நம் சிஸ்டத்தில் லைன் கட் என்று காட்டும். ஆனால் பெட்டிக்குக் கரண்ட் நின்றால் கதை வேறு. அணைவதற்கு முன் அது கடைசியாக ஒரு செய்தி அனுப்பும். அதற்கு டையிங் காஸ்ப் என்று பெயர், அதாவது கடைசி மூச்சு. இந்த வீட்டுப் பெட்டி தினமும் மதியம் ஒழுங்காகக் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதே தெருவில் மற்ற பெட்டிகள் உயிரோடு இருந்தன. ஆக, தெருவில் கரண்ட் கட் இல்லை; இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் கரண்ட் நிற்கிறது.

லைன்மேன் அடாப்டரை மாற்றிப் பார்த்தார். பயனில்லை. "யக்கா, மத்தியானம் போனா கதவத் தொறக்க மாட்டுக்காவ. சாயங்காலம் போனா நெட்டு நல்லா இருக்கு. நான் என்னத்தப் பாக்க?" என்றார். பொம்பளை ஆள் போனால் திறப்பார்கள் என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார்.

சாரலில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் துபாய்க்காரருடைய மனைவி. ஏறக்குறைய என் வயது. இடுப்பில் குழந்தை. ஹாலில் டிவிக்குக் கீழே ரௌட்டர், எதிர்ச்சுவரில் கேமரா. கனெக்டர், அடாப்டர், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. ஆபீஸில் போய் என்ன எழுதுவது?

அதற்குள் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் துபாய்.

"யாரு வந்துருக்கா?"

"நெட்டு ஆபீஸ்ல இருந்து ஒரு அக்கா."

"சேர் போட்டு உக்காரச் சொல்லு. ஆளில்லாத எடத்துல ஏன் ஃபேன் ஓடுது? தட்டு இன்னும் மேசையிலயே கெடக்கு பாரு."

ஃபேன் நின்றது. தட்டு உள்ளே போனது. குழந்தையைப் பாயில் கிடத்தித் தட்டித் தூங்க வைத்தார். எழுந்து டிவியைக் கடக்கும்போது அவர் கை தானாக நீண்டு ரௌட்டர் ஸ்விட்சை அணைத்தது. அதன் பிறகுதான் நான் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது.

"நீங்கதானா?" என்றேன்.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்ல மனுசந்தான். அன்பாத்தான் பாக்குதாவ. ஆனா பாத்துக்கிட்டே இருக்காவ. படுத்தா ஒடம்பு சரியில்லையாங்காவ. உக்காந்தா வேல இல்லையாங்காவ. ஒரு மணி நேரம் யாரும் பாக்காம காலை நீட்டிக் கெடக்கணும். அம்புட்டுத்தான்."

"அத அவர்ட்டயே சொல்லலாமே?"

"உங்க வீட்டுல நீங்க சொல்லுவீகளாக்கா?"

வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், காற்றடிக்க என்று பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறவள் நான். டயரில் காற்று எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது என் போன் அடித்தது. துபாய்க்காரர்தான். "பாத்தியாம்மா, நீ இருக்கும்போதே போயிட்டு. இப்ப என்ன சொல்லுத?"

அந்தப் பெண் என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் என் வேலை தப்பும், அவருடைய ஒரு மணி நேரம் போய்விடும். அடாப்டர் என்றால் நாளைக்கும் இதே கம்ப்ளைண்ட். லைன் என்றால் அண்ணாச்சி லைனை மாற்ற மாட்டார், என்னை மாற்றுவார்.

"சார், ரௌட்டர் சூடாகுது. ராவும் பகலும் ஓடுதுல்லா. மத்தியானம் ஒரு மணி நேரம் ஆறப் போடணும்" என்றேன்.

வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டாமா? சும்மா ரீஸ்டார்ட்டு ரீஸ்டார்ட்டுன்னுட்டு. போன அவகிட்டக் குடு." கொடுத்தேன். "ஏட்டி, இனிமே தெனமும் மத்தியானம் மறக்காம அத ஆஃப் பண்ணிப் போடு. கேட்டியா?"

"சரி" என்றார் அடக்கமாக. கேமரா அணைந்திருந்ததால் சிரிப்பை மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

'சூடு. ஆறப் போட்டால் சரியாகும்' என்று எழுதிக் கம்ப்ளைண்ட் டிக்கெட்டை முடித்தேன். அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கம்ப்ளைண்ட் திரும்ப வராததால் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பல நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்: பொய்தானே சொன்னோம், அடுத்தவர் குடும்பத்தில் நமக்கென்ன வேலை என்று. இன்னும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ரௌட்டருக்கு ஓய்வு தேவையில்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடைசி மூச்சு தினமும் ஒரே நேரத்தில் வந்தால் அடாப்டரைப் பாருங்கள், பிளக்கைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால், அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாருக்கு மூச்சு விட வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்துத் துபாய் நம்பர் திரும்பவும் வந்தது. எடுத்தேன்.

"எம்மா, நீ சொன்ன மாதிரி ஆறப் போட்டதுல இப்ப நெட்டு நல்ல ஸ்பீடு. ஒரு மணி நேரம் போதுமா, இல்ல ரெண்டு மணி நேரம் போடலாமா?"

"ரெண்டு மணி நேரம்னா ரொம்ப நல்லது சார்" என்றேன்.