சித்தியின் ஹம்பக்கரும் காப்பிப்பொடிச் சோதனையும்

எங்கள் வீட்டில் காப்பிப்பொடி மாற்றுவது லேசில் நடக்கிற காரியமல்ல. தேவராஜ மார்க்கெட் பக்கம் இரண்டு கடைகளில் பொடி வாங்கிவந்து, ஒரே பாலில் அப்பா இரண்டு டம்ளர் கலப்பார். நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிக்க வேண்டும். முதல் டம்ளர் பிடித்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு விரல், இரண்டாவது பிடித்தால் இரண்டு விரல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பாவின் கொள்கை. அந்தக் கொள்கை ஒருமுறை சித்தியின் எலெக்ட்ரிக் கிட்டார் வரைக்கும் போயிற்று.

சித்தி அம்மாவின் தங்கை. விஜயநகரில் எங்களோடுதான் இருந்தாள். வாரநாட்களில் கம்ப்யூட்டர் கம்பெனி, சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு இசைக்குழு. அவள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது தெருவே அவளைப் பார்க்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. தெரு பெரும்பாலும் தன் ஜோலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் தசராவுக்குக் கொஞ்சம் முன்னால், மழையில் ஊறிய சருகில் ஸ்கூட்டி சறுக்கி, சித்தியின் இடது கை மோதிர விரல் முறிந்தது. மாவுக்கட்டோடு அவள் உட்கார்ந்திருக்க, ஆயுத பூஜையன்று அவளைத் தள்ளிவிட்ட ஸ்கூட்டிக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய மாலை கிடைத்தது. அம்மா கிட்டாரையும் விடவில்லை. ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அப்பாவின் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள்.

கட்டுப் பிரித்தபின் சித்தி வாசித்துப் பார்த்தாள். யாரோ கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல சத்தம் மந்தமாக வந்தது. விரல் சரியாக மடங்கவில்லை. இடையிடையே சுரம் தவறியது. விரலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பிக்கப் செத்துப்போச்சு" என்றாள்.

கம்பியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்குகிற காந்தத்துக்குப் பெயர்தான் பிக்கப். அவளுடையது ஹம்பக்கர் என்கிற வகை. அதற்குள் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சலை இரண்டும் மோதி அழித்துவிட்டு, இசையை மட்டும் சேர்ந்து அனுப்பும். "உங்கம்மாவும் நானும் மாதிரி" என்று அப்பா எனக்கு விளக்கினார். சமையலறையிலிருந்து அம்மா, "அதுல இரைச்சல் யாருன்னும் சொல்லிக் குடுங்க" என்றாள். கிட்டாரின் கழுத்தோரம் ஒரு ஹம்பக்கர், கீழே ஒரு ஹம்பக்கர். கழுத்தோரத்தது மந்தமாகவும் கீழேயுள்ளது கூர்மையாகவும் ஒலிக்கும். எது ஒலிக்க வேண்டும் என்பதை ஒரு குட்டி ஸ்விட்ச் தீர்மானிக்கும்; மேலே தள்ளினால் கழுத்தோரத்தது, கீழே தள்ளினால் கீழேயுள்ளது. சித்திக்குப் பிடித்தது கீழேயுள்ளதுதான். வாங்கிய நாளிலிருந்து ஸ்விட்ச் அதன் பக்கமே கிடந்ததால், அவள் அதை ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை.

குழுவில் அவள் இடத்தில் வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார். "கீழே இருக்கறத மட்டும் புதுசா மாத்திப் பாக்கறேன் அத்தான். அப்பவும் இப்படியே இருந்தா கிட்டாரை வித்துடறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். வாங்கிக்கொள்ள ஒரு காலேஜ் பையன் தயாராகவே இருந்தான். எனக்கு அழுகை வந்தது.

"நீயே கேட்டு நீயே முடிவு பண்ணாதம்மா. காப்பிப்பொடி மாதிரி பண்ணிடலாம்" என்றார் அப்பா. பழைய ஹம்பக்கரில் ஒரு மெட்டை வாசித்து போனில் பதிவு செய்வது. புதியது வந்ததும் அதே மெட்டு, அதே வேகம், சத்தத்தைப் பெருக்குகிற அதே ஆம்ப், அதே நாற்காலி. எது மாறினாலும் சோதனை செல்லாது. முதல் பதிவு அன்றே முடிந்தது. பார்சல் வரும்வரை மெட்டு மறந்துவிடக் கூடாதே என்று சித்தி தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் விரலை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப வாசித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எரிச்சல் தாங்காது. கணக்கில் மார்க் குறைந்ததற்கும் அந்த மெட்டின் மேல்தான் பழியைப் போட்டேன்.

ஒருவழியாகப் பார்சல் வந்தது. அப்பா சால்டரிங் ராடும் கையுமாக உட்கார்ந்து புதியதைப் பொருத்தினார். தட்டிப் பார்த்ததில் சத்தம் வந்தது. இரண்டாவது பதிவும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். நடுநிலைக்காக மாடி வீட்டுக் கன்னட ஆன்ட்டியையும் அம்மா அழைத்திருந்தாள். அப்பா ஒன்று, இரண்டு என்று சொல்லி இரண்டு பதிவையும் ஓடவிட்டார். சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு விரல்கள் நீண்டன.

"எரடனேதே சென்னாகிதே! மொதலனேதரல்லி ஏனோ பய இத்து" என்றார் ஆன்ட்டி. இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறதாம், முதலாவதில் ஏதோ பயம் தெரிந்ததாம். இரண்டாவது புதியதுதான் என்று அப்பா அறிவித்ததும் சித்தி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஆன்ட்டிக்கு நேரிலேயே வாசித்துக் காட்டக் கிட்டாரை மாட்டினாள். பாதி மெட்டில் அவள் கை பட்டு ஸ்விட்ச் கீழே சாய்ந்தது. சத்தம் அடியோடு நின்றுவிட்டது. மேலே தள்ளினால் வந்தது. மறுபடி கீழே தள்ளினால் இல்லை.

"பூஜைக்குத் துடைக்கறப்ப நான்தான் அத மேல தள்ளினேன்" என்றாள் அம்மா தயங்கி. "இடுக்குல தூசி இருந்துதுடி. தப்பா?"

அப்பா கிட்டாரைத் திறந்து பார்த்தார். புதிய ஹம்பக்கரின் ஒயர் ஒன்று ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது. பட்டறையில் இத்தனை வருஷம் பற்றவைத்த மனிதர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்போ நாங்க கேட்டது?" என்றாள் அம்மா.

"கழுத்தோரம் இருக்கறதுதான்க்கா. ரெண்டு தடவையும்."

புதியது வாயே திறக்கவில்லை. ஆம்ப், நாற்காலி, மெட்டு, காந்தம் எல்லாம் இரண்டு பதிவுக்கும் ஒன்றேதான். மாறியிருந்தது சித்தியின் விரல் மட்டும். இது இப்போது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், போனைக் காதோடு வைத்து இரண்டையும் மறுபடி கேட்ட சித்தி அழுதுகொண்டே சிரித்தாள் என்பதுதான். அதன்பின் காலேஜ் பையனைக் கூப்பிட்டு, "வர வேண்டாம்ப்பா, நான் குடுக்கறதா இல்ல" என்றாள். ஒயர் விட்டுப்போன சாமானை விற்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, எப்படியோ கிட்டார் வீட்டிலேயே தங்கியதே என்று மகிழ்ந்தேன்.

ஆனால் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பழையபடி அதே மெட்டு ஆரம்பித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கு நோட்டோடு போய் வாசலில் நின்று, "சோதனைதான் முடிஞ்சுடுச்சே சித்தி, இன்னும் எதுக்கு அதையே வாசிக்கறே?" என்று கத்தினேன்.

சித்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.