'எடுக்காதே' என்ற பெயரில் ஓர் எண்

வேணி அக்காவை அவள் புருஷனிடம் காட்டிக்கொடுத்தது நான்தான். பாக்கியம் அக்கா இல்லை. இந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது!

யோசனை வந்தது ஒரு விடியற்காலையில், சூரியநெல்லி பேருந்து நிறுத்தத்தில். மூடுபனிக்குள் பத்தடி தள்ளி ஒரு கொம்பன் நின்றிருந்தது... தப்பி ஓடிய மூச்சு அடங்கும் முன்பே தோன்றிவிட்டது. யானை நிற்கும் இடத்தை உடனுக்குடன் சொல்ல ஒரு குழு! எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த நான் இருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு போனையும் வாங்கி, இலவசச் செயலி ஒன்றை ஏற்றி, நானே கணக்குத் தொடங்கினேன். 'தொடர்பு எண்களை அனுமதிக்கவா?' அனுமதி. 'இருப்பிடத்தை?' அனுமதி. படித்துப் பார்த்தேனா? ஒரே நாளில் நாற்பது வீட்டை முடித்த பெருமை எனக்கு!

வேணி அக்கா மட்டும் தயங்கினாள். அடி தாங்காமல் தேனிப் பக்கத்திலிருந்து மகளோடு ஓடிவந்து, எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள்.

"படமெல்லாம் வேணாம் பாப்பா."

"யானை என்ன, உன் படத்தப் பாத்துட்டா வரப்போகுது? சும்மா நில்லுக்கா!"

சிரித்துவிட்டாள். எஸ்டேட் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்து, அவள் கணக்கில் முகப்புப் படமாகப் போட்டேன்.

அவள் போனில் ஓர் எண் 'எடுக்காதே' என்ற பெயரில் இருந்தது. யாரென்று கேட்டேன். புருஷனாம். என்றைக்காவது அழைத்தால் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று வைத்திருந்தாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் 'அனுமதி'யை அழுத்தியது இந்த விரல்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஜீப்பிலிருந்து இறங்கிய ஒருவன் என்னிடம் போனை நீட்டினான். "இந்த எஸ்டேட்டுக்கு எப்படிம்மா போறது?"

திரையில் வேணி அக்கா. நான் எடுத்த படம். கீழே ஒரு வரி: 'இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.'

தெரியாது என்றேன். டீக்கடையில் வழி சொல்லிவிட்டார்கள்...

கொழுந்துக் காட்டில் அவன் பாய்ந்தபோது பெண்கள் கவாத்துக் கத்தியோடு சூழ்ந்து நின்றதால் வேணி அக்கா உயிர் பிழைத்தாள். அன்று பிற்பகலே மகளின் பள்ளிப்பையும் ஒரு மூட்டையுமாக எங்கோ போய்விட்டாள்.

அவனுக்கு யார் சொன்னது என்று லயமே கேட்டது. முந்தின வாரம் கல்யாணத்துக்குத் தேனி போய்வந்தவள் பாக்கியம் அக்கா. போதாதா!

"ஒரு பொம்பள பொழப்பக் கெடுத்துட்டு எப்படிடி சோறு எறங்குது ஒனக்கு?" என்று குழாயடியில் கேட்டார்கள். "எம்புள்ள மேல சத்தியமா நான் இல்ல" என்று அவள் அழுதாள். பக்கத்தில்தான் நின்றேன். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபம் வருகிறதா உங்களுக்கு? எனக்கும்தான்! 'இலவசம்' என்றார்களே, எதை விற்றுக் கொழிக்கிறார்கள்? யானைக்குப் பயந்து நாங்கள் திரையைத் திறந்தால் முதலில் நகைக்கடன் விளம்பரம், அதற்குக் கீழேதான் யானை! போனில் இருக்கும் எண்களை உருவி, யாருக்கு யாரைத் தெரியும் என்று கோத்துக் காட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இன்னும் நாலு விளம்பரம் விற்கும். ஒருத்தி உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள் என்பதைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு என்ன கவலை? புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. தூ!

ஆனால்... இந்தக் கோபத்துக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொள்கிறேனோ?

வேணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவளுடைய புது எண் யாரிடம் கிடைக்கும் என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை. என் போனில் ஏறினால் அதுவும் அந்தக் கம்பெனிக்குத்தான் போகும்.

நாளைக் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில், பெயர் கூப்பிடும் முன், பாக்கியம் அக்காவுக்கு எதிரே நின்று எல்லோர் காதிலும் விழச் சொல்லப்போகிறேன். பிறகு அந்த நாற்பது போன்களையும் மறுபடி கேட்கப்போகிறேன், நான் கொடுத்த அனுமதிகளை அணைப்பதற்கு. ஏற்கெனவே போனது திரும்பாது. இனிப் போவதையாவது...

போனை என் கையில் இன்னொரு முறை யார் கொடுப்பார்கள்?