மஞ்சள் துணியில் சைப்ரஸ் காசு

பழைய நாணயம் சேர்க்கிற ஒருவர் என் காசைப் பார்த்துவிட்டு, "பெரிய அபூர்வம் ஒன்றும் இல்லை, ஆனாலும் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. விற்பதற்காக நான் அதைக் காட்டவே இல்லை.

கூலிக்கு ஏர் ஓட்டிய எங்கள் நைனா, போர்க்காலத்தில் பட்டாளத்தோடு சைப்ரஸ் தீவுக்குப் போய்க் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் யார் நம்புவார்கள்? டீக்கடையில் அவரைக் கண்டாலே, "இன்னா தொர, தீவுக்கு எப்போ திரும்பிப் போற?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நைனா வீட்டுக்கு வந்து, சைப்ரஸிலிருந்து கொண்டுவந்த அந்தக் காசைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துப் போய்ப் பெஞ்சுமேல் வைப்பார். ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜாவின் தலை, மறுபக்கம் இங்கிலீஷில் தீவின் பெயர். அந்தத் தீவையும் அப்போது வெள்ளைக்காரன்தான் ஆண்டான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அடங்கிவிடுவான். அதை விட்டால் நைனாவுக்கு வேறு சாட்சி கிடையாது.

நான் பத்தாவது படித்தபோது விஷக் காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்தேன். நைனா ஆஸ்பத்திரிக்கு வண்டி பேசப் போன நேரத்தில், அம்மா திருமுக்கூடல் பெருமாளை வேண்டிக்கொண்டு பெட்டியில் கைவிட்டாள். பல கை பட்ட காசைவிடப் பெட்டியிலேயே கிடந்த பழைய ஓரணா சுத்தம் என்பது அவள் எண்ணம். ஓரணாவுக்கும் ஓரம் நெளிநெளியாக இருக்கும், ராஜா தலை இருக்கும். அவசரத்தில் அவள் மஞ்சள் துணியில் முடிந்தது நைனாவின் காசை.

நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நைனாவோ, "வுடு. புள்ள பொயச்சிக்கினா, அது போதும்" என்று முடித்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் அவுக்கப் போறேன்" என்றேன் அம்மாவிடம்.

"சாமிக்கு முடிஞ்சத அவுக்கக் கூடாதுடி. மறுபடியும் காய்ச்சல் வந்துடும்."

"வரட்டும். எனக்குத்தான வரும்?"

அவள் பார்க்கப் பார்க்க முடிச்சை அவிழ்த்தேன். வேர்க்கடலை பறித்த கூலியிலிருந்து ஒரு ரூபாயை வைத்து அதே துணியில் முடிந்தேன். காசு பெட்டிக்குத் திரும்பியது. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அம்மாவின் கை என் நெற்றியில் இருக்கும். சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பாள்.

அறுவடை முடிந்து மூவரும் திருமுக்கூடலுக்குப் போனோம். மஞ்சள் முடிச்சை நான்தான் உண்டியலில் போட்டேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து ஏதோ போட்டுவிட்டுக் கும்பிட்டாள். வெளியே வந்து வெயிலில் பார்த்தபோதுதான் அவள் மூக்கு வெறுமையாக இருந்தது தெரிந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே பொட்டுத் தங்கம் அந்த மூக்குத்திதான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா வேப்ப மரத்தில் ஒரு ஈர்க்கு ஒடித்து மூக்கில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அயுவுற? உனக்காகத்தான் போட்டேன். உங்க நைனா காச நீ கெட்டியா வெச்சிக்கோ."