வாசிக்காமல் வெட்டிய பட்டியல்

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் நான் அர்த்தமில்லாத கவிதை செய்துகொண்டிருந்தேன். திறமை போதாமல் அல்ல, வேண்டுமென்றே. ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் பெரும் யுத்தம் நடந்தபோது சில கவிஞர்கள் அர்த்தத்தையே தலைமுழுகினார்கள். பத்திரிகையைச் சொல் சொல்லாக வெட்டி, பைக்குள் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த ஒழுங்கில் ஒட்டி, இதுதான் கவிதை என்றார்கள். படித்த காலத்தில் அது எனக்கு விசர்க்கூத்தாகத் தெரிந்தது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ரொறொன்ரோ வீதிகளில் பதாகை பிடித்துத் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் திரும்பிப் பார்க்காத பிறகு, அவர்கள் செய்தது சரியென்று பட்டது. சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய ஒரே தம்பி கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். ஒரு மத்தியானம் வந்து நான்கு தாள்களை நீட்டினார். அங்கிருந்து தப்பி ஒரு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் பட்டியல். தமிழ்க் கடைக்கு யாரோ ஃபக்சில் அனுப்பியதைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார்.

"எனக்குப் பாக்கப் பயமாக் கிடக்கு தம்பி. நீ பாத்துச் சொல்லு."

"வைச்சிட்டுப் போங்கோ அக்கா, பாக்கிறன்."

பார்க்கவில்லை. பெயர் இருக்காது என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லும் வேலையைத் தள்ளிப்போட்டேன். தாள்களைப் பழைய பத்திரிகைகளின் மேல் வைத்தேன். அடுத்த நாள் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டும்போது வாசிக்கக் கூடாது என்பது நானே எனக்கு வைத்த விதி. அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

பின்னேரம் அக்கா வந்தார்.

"பாத்தனியே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்திரிகைகளோடு சேர்த்து அந்த நான்கு தாள்களையும் வெட்டியிருந்தேன். நடந்ததைச் சொல்லிப் பையை மேசையில் கொட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். கதிரையை இழுத்துப் போட்டுத் தேடத் தொடங்கினார்.

எங்கள் பட்டியல்களில் தகப்பன் பெயர், பிள்ளை பெயர், வயது, ஊர் என்று வரிசையாக இருக்கும். நான் நான்கையும் நான்கு துண்டாக்கியிருந்தேன். அக்காவின் தம்பியின் பெயர் மூன்று துண்டுகளில் இருந்தது. தகப்பன் பெயர் இரண்டில். முப்பத்தொன்று என்ற அவனுடைய வயது ஐந்தில். ஊரோ கும்பலாகக் கிடந்தது. எந்தப் பிள்ளை எந்தத் தகப்பனுக்கு என்று கடவுளுக்கும் தெரியாது. கடைக்குப் போன் எடுத்தேன். வேறு பிரதி இல்லை, அனுப்பியது யாரென்றும் தெரியாது என்றார்கள்.

அக்கா நான்கு துண்டுகளைப் பொறுக்கினார். என் பசையை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, என் பக்கம் திருப்பினார்.

"இவன்தானே? சொல்லு தம்பி."

எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"ஓம் அக்கா, இவன்தான்."

அடுத்த நாளே அந்த முகாமுக்குக் கடிதம் எழுதினார். பிறகு மாதம் ஒன்று எழுதினார். பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் முகவரி எழுதுவதற்கு ஒவ்வொரு முறையும் உறையை என்னிடம்தான் கொண்டுவந்தார்.