கடலோரக் கணக்கில் ஒரு மலைப் பள்ளி

1. பலகை ஜன்னல்

கமலாவுக்கு மூச்சிழுப்பு வந்த முதல் நாள், டீச்சர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து நான் ஓடினேன்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது எங்கள் தமிழ்ப்பள்ளி. எழுபதுகளில் அங்கே பலகை ஜன்னல்கள்தான். திறந்தால் மூடுபனி உள்ளே வரும். மூடினால் கரும்பலகை தெரியாது. பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று கமலா திறந்தே வைப்பாள். அந்த ஈரக்காற்று அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் தலைமையாசிரியை. அவளும் நானும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவள் பெக்கான் கடற்கரையில் பிறந்தவள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டுக்கொண்டு, குளிரைத் திட்டிக்கொண்டே சமைப்பாள். அந்தத் திட்டைக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "கண்ணாடி ஜன்னல் போடுங்க, ஒரு ஹீட்டர் வைங்க. இல்லன்னா இவங்க கீழ எறங்கிடணும்."

2. தலைக்கு இவ்வளவு

கண்ணாடி போட வழியில்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் முழுக்க ஒரே மானியம். கடலோரப் பள்ளிக்கும் அதுதான், மேகத்துக்குள் கிடந்த எங்களுக்கும் அதுதான். அங்கே பக்கத்துக் கடையில் வாங்கும் எழுதுகிற சாக்குக்கட்டி, இங்கே அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து லோரி ஏறி வரவேண்டும். வந்ததும் நமத்துப் போகும். புத்தகம் பூஞ்சை பிடிக்கும். மானியம் இதற்கே சரியாகப் போய்விடும்.

மலைப் பள்ளிகளுக்குக் கூடுதலாகத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. ஒருவழியாக, கல்வி இலாகா அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"ஒன்னை எங்கயும் விடமாட்டேன்" என்றேன் கமலாவிடம்.

"நீங்க விட்டாத்தானே லா நான் போறதுக்கு" என்றாள்.

3. பெரியவர் வருகிறார்

வெளியிலிருந்து துரை யாராவது வந்தால் தொழிலாளர் லயத்துக்கு வெள்ளையடிப்பது தோட்டத்து வழக்கம். வந்தவரிடம் இல்லாமையைக் காட்டுவது மரியாதைக் குறைவு.

அதிகாரி வரும் நாளன்று காலையில் போய்ப் பார்த்தால், பள்ளியே அடையாளம் தெரியவில்லை. பெற்றோர்கள் கூடிச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் இரவல் ஸ்வெட்டரில். கங்காணி மாரிமுத்து, துரை பங்களாவிலிருந்து ஒரு ஹீட்டரைக் கேட்டு வாங்கிவந்து நடுவகுப்பில் வைத்திருந்தார். போதாக்குறைக்கு அன்று பார்த்து வெயில்!

"என்ன கங்காணி இது?"

"நம்ம பள்ளிக்கூடத்த ஒருத்தன் கேவலமாப் பேசிரக் கூடாதில்ல டீச்சர்!"

ஹீட்டரையாவது எடுத்துவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது.

அவர் ஹீட்டர் முன் நின்று கையைக் காட்டிக்கொண்டார். "கீழ நம்ம பள்ளிங்கள்ல ஃபேன்கூட இல்ல. நீங்க ஹீட்டரே வச்சிருக்கீங்க! இதுக்கு மேல என்ன டீச்சர் வேணும்?"

"சார், அந்த ஹீட்டர் வந்து..." என்று ஆரம்பித்தேன். கமலா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாசலில் பெற்றோர்கள் தீபாவளித் துணியில், வாயெல்லாம் பல்லாக நின்றார்கள்.

"வேணாங்க்கா" என்றாள் மெதுவாக. "அவங்க மூஞ்சியப் பாருங்க."

"நல்லா எரியுதுங்க சார்" என்றேன்.

கூடுதல் மானியம் வரவில்லை.

4. கண்ணாடி

பள்ளி விடுமுறையில் கமலாவுக்குப் பெக்கானுக்கே மாற்றல் கிடைத்தது. அவள் பெட்டியைக் கங்காணிதான் ரிங்லெட் பஸ்ஸுக்குத் தூக்கி வந்தார். அதற்குள் ஹீட்டரைப் பார்த்துத்தான் மானியம் வராமல் போனது என்ற விஷயம் அவருக்கு அரசல்புரசலாக எட்டியிருந்தது. "எங்களாலதான் போறீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க கங்காணி. எனக்குக் கடல் ஞாபகம் வந்துருச்சி" என்றாள். அப்போதும் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பஸ் போன பிறகு நான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

எண்பதுகளில் இன்னோர் அதிகாரி வந்தார். அடைமழைக் காலமாகப் பார்த்து அழைத்திருந்தேன். கங்காணியே முன்னால் நின்று ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அதிகாரி நடுங்கிக்கொண்டே ஒரு ஸ்வெட்டர் கிடைக்குமா என்றார். "இல்லீங்களே சார்" என்றார் கங்காணி, பெருமையாக.

மலைப் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் வந்தது. இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்க வருகிறவருக்கு இல்லாததை முதலில் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடி ஜன்னல் போட்ட அன்று, கமலாவின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மூடுபனி வெளியிலேயே நின்றது. கரும்பலகை பளிச்சென்று தெரிந்தது. அதில் எழுதத்தான் அவள் இல்லை.