தண்ணீருக்கு அடியில் நின்ற நெல்

இன்று காலை எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். அடியிலிருந்து வந்த களிமண் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அந்தக் காலத்துப் பண்ணைக்கே போய்விட்டேன். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், படிக்காதவன் நான். சோழவரத்தில் மோட்டார் பந்தயம் நின்றுபோன சமயம். அந்தப் பந்தயத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்ததாக ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன். அதை விடுங்கள்.

ஆரணியாற்றங்கரையில் பல்கலைக்கழகப் பண்ணை. அங்கே நான் கூலியாள். வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாத நெல்லை ஆபீசர் சார் தேடிக்கொண்டிருந்தார், பாத்திக்கு ஒரு ரகமாக. அந்த வருஷமும் ஒன்றும் தேறாவிட்டால் சோதனையை மூடிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். ஐப்பசியில் ஆறு பொங்கி எல்லாவற்றையும் முழுங்கியது. அவர் மட்டும் கரையில் சிரித்த முகமாக நின்றார். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

தண்ணீர் வடிந்தது. கடைசிப் பாத்தியில் மட்டும் நெல் நின்றது, நடுவில் ஒரு சொட்டை, ஒரு வெற்றிடம்கூட இல்லாமல். சார் செருப்போடு சேற்றில் குதித்தார். நாங்களும் கத்திக்கொண்டே ஓடினோம். நடவுப் பெண்களுக்குத் தலைவியான கன்னியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அங்கங்க சொட்டையா கெடந்துச்சு சார். விடியக்காலமே மேட்டுக் கயனிலருந்து நாத்து புடுங்கியாந்து ரொப்பிட்டேன். இப்ப பாரு, எப்டி கீதுன்னு."

நட்ட வயலில் சொட்டையை விட்டுக் கரையேறுவது அவளுக்குக் கேவலம். எத்தனை செத்தது என்று அந்தச் சொட்டையை வைத்துத்தான் சார் எண்ணவேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஒரே சேறு பூசி நின்றன. எது பிழைத்தது, எது காலையில் நட்டது?

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஒரு நெல் குத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். கையோடு வந்தது. அடுத்ததை இழுத்தார். வரவில்லை. பழைய வேர் மண்ணை விடவில்லை.

அவ்வளவுதான், எல்லோரும் இறங்கினோம். வந்ததைக் கரையில் வீசினோம், நின்றதை விட்டோம். கன்னியம்மாதான் முன்னால்.

"இதுவும் வர்ல சார். தோ, இதுவும் வர்ல." குரல் ஏறிக்கொண்டே போனது. நடுவில் சாருக்கு ஒரு திட்டும் விழுந்தது: "மொதல்லயே சொல்லிகீறதுதான? நான் இன்னாத்துக்கு இடுப்பு ஒடியணும்?"

பாதிக்கு மேல் நின்றது. சார் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. சேறு தெறித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த நெல் சில வருஷம் ஆரணியாற்றுப் பக்கம் விளைந்தது. பிறகு நிலங்கள் மனைகளாயின, நடவுப் பெண்கள் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி வேன்களில் ஏறினார்கள். அந்தப் பாத்தி இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. நெல்லின் விதை யாரிடமும் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர் யாரையாவது பார்த்தால் சொல்லுங்கள்: இங்கே ஒரு நெல் ஆற்றுக்கு அடியில் கிடந்து பிழைத்தது, கன்னியம்மா என்று ஒருத்தி இழுத்தும் அது வரவில்லை என்று.