தார்ப்பாய் மூடிய இஞ்சின்

இறந்துபோன என் நண்பரை அவருடைய மனைவியின் கண்ணில் நான் பொய்யராக்கினேன். நான்கு வருடங்களுக்கு முன்பு, டெக்சாஸில் நாங்கள் வசிக்கும் கேட்டி என்ற ஊரில், அவர்கள் வீட்டு கராஜில் நின்றுகொண்டு அதைச் செய்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் திருநெல்வேலிக்காரர். பின் தெருவில் வீடு. மகள் காலேஜுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஒரு பழைய மஸில் காரை வாங்கி வந்தார். அறுபதுகளின் கடைசியில் வந்த வண்டி. நீண்ட மூக்கு, ராட்சச இஞ்சின், தெருவையே எழுப்பும் சத்தம். ஆனால் இவர் வாங்கியதற்குச் சத்தமே இல்லை. சீட் இல்லை, கண்ணாடி இல்லை, முன் பம்பர் இல்லை. ட்ரெய்லரில் வைத்துத்தான் கொண்டு வந்தார். அதற்குப் போட்ட பணத்தை நினைத்து அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லையாம்.

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் அவர் வீட்டில் கூடும்போது, "என்ன, உங்க மூத்த பிள்ளை எழுந்து நடந்துட்டானா?" என்று கேட்போம். அவர் அசர மாட்டார். "சிரியும்வே, சிரியும். வண்டியோட பொறந்த இஞ்சின் எங்கிட்ட பத்திரமா இருக்கு. என்னைக்கு வித்தாலும் போட்ட காசு வந்துரும்" என்பார். மனைவியிடமும் இதையேதான் சொல்லிச் சமாதானம் செய்திருந்தார்.

ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். வண்டி அப்படியே நின்றது.

ஒரு வருடம் கழித்து அவர் மனைவி வீட்டை விற்றுவிட்டு, சான்டா கிளாராவில் இருக்கும் மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, நீங்கதான் இஞ்சினியர். இந்தக் காருக்கு என்ன விலை சொல்லலாம்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

நான் இஞ்சினியர்தான். ரீஃபைனரிகளில் குழாய் எப்படிப் போக வேண்டும் என்று முப்பது வருடம் வரைந்தவன். பழைய காரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் எங்கள் வட்டத்தில் கூரை ஒழுகினாலும், டாக்ஸில் சந்தேகம் வந்தாலும், யாராவது புதுக் கார் வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. "பாத்துச் சொல்றேம்மா" என்றேன்.

அவர் மனைவி மகளைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில், வீடு விற்க உதவியாக இருக்கட்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டு கராஜையும் கொல்லைப்புற ஷெட்டையும் ஒழிக்க ஆரம்பித்தேன். ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஓர் இஞ்சின் கிடந்தது. மேலெல்லாம் கிரீஸும் தூசியும் அப்பியிருந்தது. வண்டியிலோ ஏற்கெனவே ஓர் இஞ்சின் இருக்கிறது. அப்படியானால் இது ஏதோ உதிரிக்கு வாங்கிப்போட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பழைய வாட்டர் ஹீட்டரை எடுத்துப் போக ட்ரக்கோடு வந்த ஆளிடம் இதையும் கொண்டுபோகச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். இடம் காலியானதே!

நண்பரின் மனைவி திரும்பி வந்த சனிக்கிழமை, பழைய கார்களை மதிப்பிடுகிற ஒருவரை வரவழைத்தேன். அந்த அமெரிக்கர் டார்ச் அடித்து வண்டியின் உடம்பில் இருந்த நம்பரைப் பார்த்தார். பிறகு இஞ்சினில் இருந்த நம்பரைப் பார்த்தார். இது வேறு வண்டியின் இஞ்சின், வண்டியை இடம் மாற்றி நிறுத்துவதற்காகத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள் போல என்றார். இந்த வண்டியோடு வந்த இஞ்சின் எங்கே? அது இருந்தால் பாதிக் காரானாலும் நல்ல விலை. இல்லாவிட்டால் அதில் பாதிகூடத் தேறாது.

தார்ப்பாய்க்குள் கிடந்தது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இருக்கே! ஒரிஜினல் இருக்குன்னு அவர் சொல்லிட்டே இருப்பாரே. ஷெட்டுல இருந்துச்சாண்ணா?" என்று நண்பரின் மனைவி என் பக்கம் திரும்பினார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வரி போதும். என் வாயிலிருந்து வந்தது வேறு. "அப்படி எதுவும் நான் பாக்கலையேம்மா."

மகளை ஸ்பீக்கர் போனில் போட்டிருந்தார். "அம்மா, இட்ஸ் ஓகே. அப்பா எப்பவோ வித்திருப்பாரு. லெட் இட் கோ" என்றாள் அவள்.

அவர் வண்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "இத்தனை வருஷம் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்கார்ணா. எத்தனை தடவை கேட்டிருப்பேன். வேற எதையெல்லாம் மறைச்சாரோ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளே ட்ரக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். அவர் சொன்ன இரும்பு யார்டு ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் இருந்தது. வந்த சரக்கெல்லாம் அந்த வாரமே நொறுக்கி அனுப்பியாகிவிட்டது என்றார்கள். இன்னொரு யார்டில் போய்க் கேட்டேன். அதே மாடலில் வேறொரு இஞ்சினை வாங்கி, ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நம்பர் காட்டிக்கொடுத்துவிடும். போன் அடித்தால் நண்பரின் மனைவியாக இருக்குமோ என்று பயம். அவர் இல்லை என்றால் அதைவிடப் பயம்.

"என்னாச்சு உங்களுக்கு? ரெண்டு நாளா சாம்பார்ல உப்பே இல்ல, சத்தம் போடாம சாப்பிடுறீங்க" என்றாள் என் மனைவி. சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க வாயிலேர்ந்து நான் அதைக் கேட்டதே இல்லங்க. சரி, இப்ப என்கிட்ட சொல்லி என்ன? அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. அந்த மனுஷன் வந்து சொல்ல முடியுமா?"

போவதற்கு இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் காரைக் குறைந்த விலைக்கு ஒருவர் எடுத்துப் போய்விட்டார்.

நான் போனபோது வீடு முழுக்கப் பெட்டிகள். "வாங்கண்ணா. டம்ளர் எல்லாம் பேக் பண்ணியாச்சு, பேப்பர் கப்புலதான் காப்பி" என்றார். ஹாலில் நண்பரின் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, "ட்ரக்குல போற பெட்டியில போட்டுட்டேன். கையோட ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போகணும்னுதான் இருந்தேன். மனசு வரல" என்றார்.

காப்பியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் அவரைத் தப்பாப் பேசுனப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமாம்."

எழுந்து போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து, ஒட்டி வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். குக்கர், புடவைகள், பழைய ஆல்பங்கள் எல்லாம் தரையில் வந்து விழுந்தன. உதவலாம் என்று குனிந்தேன். "நீங்க தொடாதீங்க" என்றார். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பெட்டியின் அடியிலிருந்து, துண்டில் சுற்றியிருந்த படத்தை எடுத்தார். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பிறகு மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். "அவளும் அப்பாவைத் தப்பா நினைச்சிட்டிருக்கா. நீங்களே சொல்லுங்க." சொன்னேன். "ஓகே, அங்கிள்" என்றாள். அப்புறம், "அம்மாகிட்ட போனைக் குடுங்க."

மதிப்பிட்டவர் சொன்ன இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் செக் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மறுப்பார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. "இது அவரோட காசு. வாங்கிக்கறேன்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை வரவில்லை.

என் மனைவியோடு இன்னும் போனில் பேசுகிறார். அவள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதில்லை. பொங்கலுக்கு நான் வாட்ஸப்பில் அனுப்பும் வாழ்த்தைப் பார்க்கிறார் என்பது தெரிகிறது. பதில் வருவதில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை. செக்கால் காரின் விலை சரியாகியிருக்கலாம். ஆனால் தன் பக்கத்தைச் சொல்ல உயிரோடு இல்லாத ஒரு மனிதர்மேல் அவர் மனைவி கோபமாக இருந்த அந்தச் சில வாரங்களை எதைக் கொடுத்து ஈடுசெய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.